சாடி

கிதுரு மச்சான்,
நீங்க அனுப்பின சாடி வந்து சேர்ந்தது.
ஏழு சுற்றுக் குமிழ்த்தாளைப் பிரித்து
நானும் மைனியும் மூச்சைப் பிடித்துப் பார்த்தோம்.
ஓட்டு நிறம். மெருகு இல்லை. ஒரு பக்கம் சரிந்த தோள்.
வைக்கோல் சுட்ட சிவப்புக் கோடு இரண்டு.
"சம்பளம் போட்ட அன்றைக்கா வாங்கினார்?" என்றாள் மைனி.

ஜப்பான்காரர் தேநீர்ச் சடங்கில்
தண்ணி வைக்கிற சாடி என்றீர்கள்.
குடிக்க இல்லை. கெட்டிலுக்கு ஊற்ற, கோப்பை அலச.
மீந்ததைக் கொட்டிவிடுவார்களாம்.
கீழக்கரையில் உட்கார்ந்து இதைக் கேட்கிறேன்,
லாரித் தண்ணி குடம் பன்னிரண்டு ரூபாய்.

விருந்தாளி வருமுன் நனைக்க வேண்டும்,
ஈரத்தில்தான் அதன் முகம் தெரியும் என்றீர்கள்.
நல்ல தண்ணிக்கு மனசு வரவில்லை.
கிணற்று உப்புத் தண்ணியில்
ராத்திரி முழுக்க முக்கி வைத்தேன்.

காலையில் கருத்து மினுங்கியது,
அலை இப்போதுதான் விட்டுப்போன
பாறை மாதிரி.
லுஹருக்குள் காய்ந்து
தோளெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது.

வீடியோவில் பார்த்துப் பதறாதீர்கள்.
துடைத்தேன், போகவில்லை.
நாக்கு நுனியால் தொட்டேன்.
கரிப்பு.
அந்தக் குயவன் பூசாமல் விட்டதை
நம்ம ஊர் பூசியிருக்கிறது.

மூடிதான் சரியாக உட்கார மாட்டேன் என்கிறது.
வளைந்தது அதுவா வாயா, தெரியவில்லை.

லாரி ஹாரன் கேட்கிறது.
இருங்கள்,
வரிசையில் என் குடத்துக்குப் பின்னால்
இதையும் வைத்துப் பார்க்கிறேன்,
இதற்கும் காசு கேட்கிறானா என்று.