இருகாலி

கோட்டக்குப்பத்தில் முகைதீன் பாய் கிடங்கில்
செத்த ஏசிகளுக்கும் மூக்குடைந்த சம்மனசுக்கும் நடுவே
கவிழ்ந்து கிடந்தன, நான்கு.
எஃகுக் குழாய், பிரம்புப் பின்னல்,
பின்னங்கால் கிடையாது.

"உடைஞ்சதா பாய்?"
"இல்லம்மா, பொறந்ததே அப்படித்தான்.
ஊருக்குத் திரும்பிப்போன பிரெஞ்சு டாக்டர் வீட்டுச் சாமான்,
அறுபது வருஷம் இருக்கும்.
உக்காந்து பாருங்க, விழுந்தா காசு வேணாம்."

விழவில்லை.
பதினோராயிரம் கொடுத்தேன்.

முழங்கால் பார்ப்பது என் தொழில்.
மடக்குங்க, நீட்டுங்க, வலிக்குதா, மறுபடி மடக்குங்க,
ஒரு நாளைக்குப் பதினாறு முழங்கால்.
ஆகவே விரல் வைத்ததும் தெரிந்தது:
தரையோடு ஓடிவந்த குழாய்
முன்னால் நிமிர்ந்து, இருக்கைக்கடியில் திரும்பி,
பின்னால் போய் முதுகாக எழுகிறதே,
அந்த முதல் திருப்பத்தில்தான் மொத்தப் பாரமும்.

லாஸ்பேட்டை மூன்றாம் மாடி.
உப்புக்காற்று ஏற்கெனவே குரோமில் மச்சம் வைத்திருந்தது.
சாக்லேட் சுற்றிய தாளை நனைத்துத் தேய்த்தால் போகும்,
மகன் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே எண்ணினான்.
"ரெண்டுதானே இருக்கு, இது எப்படி நாற்காலி?"
இருகாலி என்று பெயர் வைத்தான்.
குனிந்து பார்த்துவிட்டு,
"ரெண்டும் ஒரே குழாய்மா. அப்போ ஒருகாலி."
ஒருகால் இருக்கலாம் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

ஞாயிறு மதியம் வந்தார்கள்.
பெரியண்ணன் தேசிங்கு, சின்னண்ணன் ஞானவேல்,
சுறாப்புட்டுத் தூக்கோடு அஞ்சலாட்சி அக்கா.
வைத்திக்குப்பம் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதாம்.
விடுதலைப் பத்திரம் தயார்.
அக்கா போன மாதமே போட்டுவிட்டாள்.
என் கால் பங்குதான் பாக்கி.

பெரியண்ணன் மேசையைத் தட்டினார்.
நாற்காலி அவரை மேலும் கீழும் ஆட்டியது,
ஆமாம் ஆமாம் என்று.
கோபிக்க வசதியான இருக்கை அல்ல அது.
இரண்டாம் முறை தட்டும் முன்
இடக்கையால் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா விளிம்பில் மட்டும் உட்கார்ந்தாள்,
தன் பாரத்தைத் தன் பாதத்திலேயே வைத்துக்கொண்டு.
"சாஞ்சுக்கோ, ஒண்ணும் ஆகாது."
"பழக்கமில்லடி."

ஞானவேல்தான் கெட்டிக்காரன்.
கைகழுவி வந்து, வேட்டியைத் தூக்கிக் குந்தி,
நாற்காலியின் அடியைக் காட்டினான்.
"பின்னால ரெண்டு கால் இல்ல பாரு. நிக்குதா இல்லியா?
உனக்கு ஒரு கால் போனா என்ன சாஞ்சிடப்போற?"

எல்லோரும் சிரித்தோம்.
நல்ல உவமை, மறுக்க மாட்டேன்.

அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தேன்.
பதினெட்டு வருடத்து வீட்டுவரி ரசீது,
தானே புயல் தூக்கிப்போன ஓட்டுக்குப் பதில்
தகரம் வாங்கிய பில்,
மோட்டார் ரிப்பேர், மறுபடி மோட்டார்,
கடலரிப்புக்குக் கருங்கல் இரண்டு லோடு.
ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன்,
சுறாப்புட்டு சிந்திய இடம் தவிர்த்து.

"கால் இல்லாம நிக்கலண்ணா.
இல்லாத காலு வேலையையும்
இந்த வளைவுதான் பாக்குது."

பெரியண்ணன் ரசீதுகளைப் படிக்கவில்லை.
கண்ணாடி வண்டியில் இருக்கிறது என்றார்.
பத்திரத்தை நான் தொடவில்லை.
செருப்பு மாட்டும்போது இருவரும்
பார்க்கிங் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.
ஞானவேல் எழுந்த நாற்காலி
கொஞ்ச நேரம் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

தூக்கை மறந்துவிட்டேன் என்று அக்கா திரும்பி வந்தாள்.
தூக்கு கண்ணெதிரே இருந்தது, எடுக்கவில்லை.
உட்கார்ந்தாள். இந்த முறை முழுசாக.
பிரம்பு முனகியது. குழாய் இரண்டு விரற்கடை இறங்கி
அவளை வாங்கிக்கொண்டது.
கண்ணை மூடினாள்.
கீழே ஹாரன் அடித்தார்கள்.

"எவ்வளவு குடுத்த?"
"பதினோராயிரம். நாலும் சேத்து."

மறுபடி ஹாரன்.

"ஒண்ணு மட்டும் கேட்டா
குடுப்பாங்களாடி?"