மூலப்பத்திரம்

இரண்டாம் ஞாயிறு, காலை பத்தரை.
மஞ்சக்குப்பத்தில் டுட்டோரியல் மாடி.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் போன முக்கோணம்.
அதன் கீழே தேதி எழுதினேன்.
வந்தவர் பத்துப் பேர்,
இத்ரீஸின் மகனைச் சேர்க்காமல்.
அவன் ஐந்து வயசு,
தேன்மெழுகைச் சூயிங்கமாய் மென்றுகொண்டிருந்தான்.

சந்தா பாக்கி வாசித்தேன். யாரும் நிமிரவில்லை.
தேன் பிழியும் டிரம் இப்போது யாரிடம்?
மூன்று குரல் ஒன்றாக:
"எங்கிட்ட இல்ல."

நான் செயலாளர்.
தேனீக்களிடம் வாங்கிய கொட்டு
இரண்டு நாளில் வடிந்துவிடும்.

பிறகு பாட்டில்கள் திறந்தன.
ஊறுகாய் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில்,
நன்றாகக் கழுவிய இருமல் மருந்துக் குப்பி.
தேவனாம்பட்டினத்துத் தேனில்
லேசாய் உப்புக் கரிக்கும் என்பார்கள்.
எனக்குத் தெரியவில்லை, தலையாட்டினேன்.
செம்மண்டலம் வேப்பம்பூத் தேன்
தொண்டைக்குள் இறங்கிய பிறகு
ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

ஜெபராணி கடைசியாக எடுத்தாள்.
அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று
நாளெல்லாம் சொல்லும் அதே குரலில்
"யாரும் சிரிக்காதீங்க" என்றாள்.

சிவப்பு.
வளையல் கடைச் சிவப்பு.
ஜன்னல் வெயிலில் பிடித்தபோது
பெஞ்சில் ஒரு சிவப்பு வட்டம் நடுங்கியது.

அவள் பெட்டி திருப்பாதிரிப்புலியூர் மொட்டைமாடியில்.
வைகாசித் தேருக்குப் பத்து நாள் ஜனம்;
பின்தெரு சர்பத் கடையில் விடிய விடிய ரோஸ்மில்க்.
பூ குறைந்த கோடையில்
பெட்டியோடு அங்கே போய்வந்திருக்கிறது.
சட்டம் எட்டிலும் மூடி போட்ட சிவப்பு.

தணிகாசலம் கண்ணாடிக் குழலில் ஒரு சொட்டு விட்டு
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருப்பவர்.
"ஈரப்பதம் இருபது. குறை சொல்ல முடியாது.
ஆனா மூலப்பத்திரம் வேணுமே.
எந்தப் பூ? எந்த மரம்? எந்தத் தோப்பு?
வழி தெரியாத சொத்தைத்
தேன்னு எப்படிப் பதியறது?"

இத்ரீஸ் கேட்டார்:
"ஐப்பசி மழையில பெட்டி பட்டினி கிடந்தா
நாம சர்க்கரைத் தண்ணி வைக்கலையா?"

மின்விசிறிச் சத்தம் மட்டும்.
ஒன்பது பேர்
அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பறந்ததும் அதுங்கதான்" என்றாள் ஜெபராணி,
"ராத்திரியெல்லாம் றெக்கையடிச்சு
காயவச்சதும் அதுங்கதான்.
அதுங்களைக் கேட்டா தேன்னுதான் சொல்லும்."

வாக்கெடுப்பு.
இத்ரீஸின் மகன் இரண்டு பக்கமும் கைதூக்கினான்.
தேன் இல்லை: ஐந்து. தேன்: நான்கு.
நான் நடுநிலை, அதாவது பயம்.
சிவப்பு பாட்டிலில் தேன் என்று ஒட்டக்கூடாது.
வேறென்ன ஒட்டுவது என்பது
அடுத்த கூட்டத்துக்கு.

சாயங்காலம் அந்தத் தெருவுக்குப் போனேன்.
தாகம் என்று சொல்லிக்கொண்டேன்.
கடை வாசலில் முக்காலி மேல்
ரோஸ்மில்க் நிறைந்து நின்றது
எங்கள் டிரம்.
வயிற்றில் அதே நசுங்கல்,
குழாயடியில் சுரண்டாத பழைய மெழுகு.
விளிம்பில் ஏழெட்டுத் தேனீ
சொந்த வீட்டு வாசலில் போல
அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தன.

வாசனை பிடித்து வந்திருக்கின்றன.
களவுக்கு வந்த மாதிரித் தெரியவில்லை.

"டிரம் ஏதுண்ணே?"

"உங்க சங்கத்து ஆளுதான், தேரு வரைக்கும் வாடகைக்கு.
பேரு கேக்கல.
நல்ல மனுசன்.
பாகு பதமா இருக்கான்னு
சின்னக் கண்ணாடிக் குழல்ல
ஒத்தைக் கண்ணால பாத்துச் சொன்னாரு."

ஒரு டம்ளர் குடித்தேன். பதம் சரியாகத்தான் இருந்தது.

வீட்டில் குறிப்பேட்டைத் திறந்து
'டிரம்' என்று எழுதி, நிறுத்தி,
பேனாவை மூடிவிட்டேன்.
விரலில் இன்னும் பிசுபிசுப்பு.
ஜன்னல் வழியே ஒன்று வந்து
அந்தப் பக்கத்தின் மேல் உட்கார்ந்தது.