சாவியின் பட்டா

இரவு இரண்டே கால்.
காவேரிப்பட்டணம் சாலையில்
பெங்களூரா லோடு ஏற்றிய லாரிகள் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கின்றன.
எடைமேடைக் கணினி சென்னையைக் கூப்பிடுகிறது.
யார் பேசுறது என்கிறது சென்னை.
இங்கே சொல்ல ஒரு பெயர் இல்லை.

வீட்டிலிருந்தே நுழைந்து பார்த்திருப்பேன்,
நுழைகிற கதவேதான் விழுந்து கிடக்கிறது.
ஸ்கூட்டியில் வந்தேன், நைட்டிக்கு மேல் ஒரு ஜெர்க்கின்.
சர்வர் அறையிலும் மாங்கூழ் வாசம்.

பிழை 1069.
உள்நுழைய முடியாததால் சேவை துவங்கவில்லை.
எல்லோரையும் உள்ளே விடுவதுதான் அதன் வேலை,
அதையே இன்றைக்கு யாரோ வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

மார்ச்சில் சம்பளத் தகராறில் போனவர் திம்மராயன்.
டிபன் பாக்ஸ், சார்ஜர், சொந்தக் காசில் வாங்கிய டேபிள் ஃபேன்
எல்லாம் எடுத்துப் போனார்.
பெயரை விட்டுப் போனார்.
அது மூன்று மாதம் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தது,
பஞ்சிங் கிடையாது, பி.எஃப். கிடையாது.
நேற்று மாலை ஐந்தரைக்கு மனிதவளத்தில்
பழைய ஆட்களின் பட்டியலைச் சுத்தம் செய்தார்கள்.
நள்ளிரவில் கரண்ட் போய் வந்தது.
அவ்வளவுதான்.

இந்த இயந்திரத்தின் சொந்தக் கணக்கிலேயே ஓட்டலாம்.
அதற்கு உள்ளூரில் செல்வாக்கு ஏராளம்.
சுங்கச்சாவடி தாண்டினால்
அது யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே டொமைனில் புதிதாக ஒரு கணக்கு.
பெயர்?
பெட்டிக்குள் கோடு மின்னிக்கொண்டே இருந்தது.
என் பெயரின் முதல் எழுத்தை அடித்து, அழித்தேன்.
'கதவு01' என்று வைத்தேன்.
இருபத்தெட்டு எழுத்தில் கடவுச்சொல்,
சேவையாக நுழையும் உரிமை,
துவங்கு.

துவங்கவில்லை.

சாவிக் கோப்பைத் திறந்து பார்த்தால்
உரிமையாளர்: திம்மராயன்.
ஆளை மாற்றிவிட்டேன்,
பட்டா மாற்ற மறந்திருக்கிறேன்.
வி.ஏ.ஓ. இல்லை, வில்லங்கச் சான்று இல்லை,
மூன்று கட்டளையில் பெயர் மாற்றம் முடிந்தது.
பச்சை விளக்கு.

பழைய கணக்கை அடியோடு நீக்கட்டுமா என்றது திரை.
போன வாரம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் அவரை,
ஓசூர் வண்டிக்கு நின்றிருந்தார்.
"பிப்ரவரி சம்பளம் இன்னும் வரலைம்மா" என்றார்.
வேண்டாம் என்பதை அழுத்தினேன்.

வெளியே முதல் லாரி எடைமேடை ஏறியது.
பதினாறு டன், நூற்று நாற்பது கிலோ.
டிரைவர் பான் எச்சிலைத் துப்பிவிட்டு
ரசீதுக்குக் கை நீட்டுகிறான்.