பாதை பழுது

குருமண்வெளித் துறையிலிருந்து அழைப்பு:
"டீச்சர், பாதை பழுது. சேர் இஞ்சால நிக்கிறார்."
இந்தப் பக்கம் பாதை என்றால் றோட்டு இல்லை.
வாவியைக் கடக்கும் இரும்புத் தட்டு.
மோட்டார் சைக்கிளும் மீன்பெட்டியும்
ஆசிரியர்களும் அதில்தான் மண்டூர் வருவது.
நான் முதல் நடையில் வந்துவிட்டேன்.
வரவேண்டிய சேர்
மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்து முகாமையாளர்.
எட்டுப் பேரை நேர்முகத்துக்குப் பழக்க
ஒரு காலையைத் தந்திருந்தார்.

எட்டுப் பேர்தான் எங்கள் விஞ்ஞானப் பிரிவு முழுவதும்.
ஒரு தராசு, மூன்று அளவி,
அதிலொன்று நுனி உடைந்தது.
இஸ்திரி மடிப்போடு வெள்ளையில் நின்றார்கள்.
டினோஜன் யாருடையவோ சப்பாத்தில்
பஞ்சு வைத்து நடந்தான்.

"நானே அந்தச் சேர்" என்றேன்,
அமிலக் கறை மேசைக்குப் பின்னால்
குரலைத் தடிப்பாக்கி.

யதுர்சிகா
திறந்தே கிடந்த கதவைத் தட்டினாள்.
எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

விண்ணப்பங்களைப் புரட்டினேன்.
அனுபவம்: இல்லை.
அனுபவம்: இல்லை.
எட்டுக் கையெழுத்தில் ஒரே சொல்.

"நிலுக்சன், விடிய எங்க போறாய்?"
"மாமாட இறால் பண்ணைக்கு."
"போய்?"
"உப்புப் பாப்பன். பிஎச் பாப்பன்.
கொப்பியில எழுதுவன்.
கூடினா வாய்க்கால் திறப்பன்."
"எத்தின வருசமா?"
"மூணு."
"அதுக்கு என்ன பேர் எண்டு நினைச்சாய்?"
"மாமாக்கு உதவி, டீச்சர்."

சிவப்புப் பேனையால் அந்த 'இல்லை'யை வெட்டினேன்.
தாள் கிழிந்துவிட்டது.
வேறு தாள் கொடுத்தேன்.

கரும்பலகையில் நேற்றைய பாடம் அழியாமல்:
முடிவுப்புள்ளி.
ஒரு துளி, இளஞ்சிவப்பு, குழாயை மூடு.
கண்ணால் காணலாம்.
வெட்டுப்புள்ளி அப்படியில்லை.
அது கொழும்பில் கணிக்கப்படுகிறது,
ஒரு துளி குறைந்தவர்
குறைந்ததை மாதங்கள் கழித்து அறிகிறார்.
அந்தத் துளிக்காகத்தான் இந்த மேசையில்
தாதியர் கல்லூரி, மருந்தாளர், நீர்வழங்கல் சபை,
குளிரூட்டி திருத்தும் பயிற்சி என்று
படிவங்களை விரித்து வைத்திருக்கிறேன்.
வைத்தியராகத்தான் ஆவேன் என்கிறவர்கள்
அவற்றின் மேல் தண்ணீர்ப் போத்தலை வைக்கிறார்கள்.

பதினொரு மணி. பாதை இன்னும் வரவில்லை.
லுக்சிகா என் கதிரையில் இருந்துகொண்டு,
"இப்ப நான் சேர். நீங்க வாங்க டீச்சர்."

வெளியே போய்
திறந்திருந்த கதவை நானும் தட்டினேன்.

"இருங்க. அனுபவம்?"

மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும்.
பள்ளிக்கூடம். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம்.
மறுகாலும் பள்ளிக்கூடம்.
"நான் உங்களைப் பழக்கிற ஒரு வேலையிலயும்
ஒரு நாளும் இருந்ததில்லை" என்றேன்.
தடிப்பான குரல் எங்கோ போயிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை.
லுக்சிகா தலையாட்டி எதையோ எழுதினாள்,
தாளைத் திருப்பிக் கவிழ்த்தாள்.
"நாங்க அறிவிப்பம்" என்றாள், உண்மையான சேரைப்போல.
என்ன எழுதினாள் என்று இதுவரை தெரியாது.

பன்னிரண்டரைக்குத்தான் அவர் வந்தார்.
காற்சட்டைக் கரை நனைந்திருந்தது.
தண்ணீர் கேட்டார், குடித்தார்,
விண்ணப்பங்களைத் தொடவேயில்லை.
"பாதையில நிக்கக்குள்ள பாத்தன்.
உங்கட வாவி ஏன் இண்டைக்கு இவ்வளவு பச்சை?"

அது நாங்கள் பழகாத கேள்வி.
யதுர்சிகா என்னைப் பார்த்தாள்.
நான் உடைந்த அளவியைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம்.
பிறகு அவள் கேட்டாள்:
"சேர், எந்தக் கரையில பாத்தீங்க?
எத்தின மணிக்கு?"