சுருக்கம்

சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார் அல்போன்ஸ்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.
"இங்க பொக்கு. இங்கயும்.
இது மட்டும் பரவாயில்ல."
இருபத்து நான்கு வீடு, ஒரே நாள்,
வீட்டுக்குப் பதினைந்தாயிரம்.
பொருளாளர் நான். பதினேழு பேர் கொடுத்தார்கள்.
மற்ற ஏழு பேருக்கும் அன்று பார்த்து
ஜிபே வேலை செய்யவில்லை.

என் கூடத்து விரிசலின் குறுக்கே
சுண்டுவிரல் நீளக் கண்ணாடித் துண்டை
இரண்டு முனையிலும் பசை வைத்து ஒட்டினார்.
பக்கத்தில் பென்சிலால் தேதி.
"சுவரு நகர்ந்தா இது உடையும் மேடம்.
உடையலன்னா அவங்க சொல்றது சரி."

அவர்கள் சொல்வது: சுருக்கம்.
பூச்சு காயும்போது எங்கேயும் வருகிற சுருக்கம்.
மூன்று பத்திக் கடிதம்;
அடியில், தங்கள் கனவின் பங்குதாரர், நீலவாணி ஹோம்ஸ்.

ஐந்து வருடப் பொறுப்பில்
நாலு வருடம் ஏழு மாதம் தீர்ந்திருந்தபோது
இரண்டு கொத்தனாரும் ஒரு டப்பா பட்டியுமாக
பிரதாப் வந்தான்.
பூசுவதற்கு முன்னால் படம் எடுக்கவில்லை.
பூசிய பின் எட்டுப் படம் எடுத்தான்.
அவன் வாசலில் போன் பேசிய நேரம்
கொத்தனார்களில் மூத்தவர் தண்ணீர் கேட்டார்,
குடித்துவிட்டுச் சொன்னார்:
"ஏரி மண்ணும்மா. அப்பவே சொன்னோம்.
நாங்கதானே கட்டினோம்."
சாட்சி சொல்வீர்களா என்றேன்.
சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.
"அடுத்த சைட்டும் அவங்களுதும்மா."

நாலு வாய்தா.
சித்தாலப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில்
மடியில் ஃபைல், ஃபைலுக்கு மேல் டிபன் பாக்ஸ்.
படத்தில் இருப்பது உங்கள் விரிசல்தான்
என்பதற்கு என்ன ஆதாரம் என்றார் அவர்கள் வக்கீல்.
முகைதீன் பிச்சை எழுந்தே விட்டார்:
"எங்க விரிசலை எங்களுக்குத் தெரியாதாய்யா?"
அது பதிவாகவில்லை.

ஏழாம் நம்பர் வரதராஜுலுதான்
முதலில் பணம் கட்டியவர். ரசீதும் கேட்டு வாங்கியவர்.
வாரம் மூன்று டயாலிசிஸ் அவர் மனைவிக்கு.
ஒரு ராத்திரி வந்து நின்றார், செருப்பைக் கழற்றாமல்:
"மனுவுலேருந்து என் பேரை எடுத்துடுங்க.
வழக்குல இருக்கிற வீட்டை எவன் வாங்குவான்?"
ஒன்பதாவது மனுதாரர் மேல் கோடு போட்டேன்.
ஸ்கேல் வைத்து, நேராக.

அவர் பக்கம் பிஸ்தா பச்சை அடித்தார்கள், இரண்டு கோட்.
எங்கள் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை;
அவருக்கும் எனக்கும் நடுவில் இருப்பது
ஒரே ஒரு சுவர்.
அந்தப் பக்கம் பிஸ்தா.
இந்தப் பக்கம் கண்ணாடித் துண்டு.

வாங்க வந்த பெண்ணின் தோளில் தூங்கும் குழந்தை.
கேட்டில் என்னை நிறுத்திக் கேட்டாள்:
"வீடு எப்படிக்கா? நீங்க பக்கத்துலதானே?"
தண்ணீர் நன்றாக வரும் என்றேன்.
காற்று வரும் என்றேன்.
பள்ளிக்கூட வேன் வாசலுக்கே வரும் என்றேன்.
மூன்றும் உண்மை.
அன்று நான் சொன்னதும் சுருக்கம்தான்.

போன ஞாயிறு மத்தியானம்
அந்தப் பக்கம் ஆணி அடித்தார்கள்.
டொக். டொக்.
மூன்றாவது அடிக்கு
என் பக்கம் ஒரு சின்னச் சத்தம்,
வளையல் உடைவதைவிடக் குறைவாக.

ஆணியாலா, மண்ணாலா?
அடுத்த வாய்தாவில் வக்கீல் கேட்பார்.
இப்போதைக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
பென்சிலைத் தேடி எடுத்து
பழைய தேதிக்குக் கீழே புதிய தேதி.
நேரம் எழுதப் போகையில்
சுவருக்குள்ளிருந்து வருவது போல அவள் குரல்:
"அக்கா, அங்க எதுவும் விழுந்துச்சா?"

ஒரு சுவர் கேட்கும் கேள்விக்கு
இன்னொரு வாசல் வழியாகப் போய்
பதில் சொல்ல வேண்டும்.
பதினோரு எட்டு.
செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன்.