கழிவுக் குழாயின் கீழ் ஒரு வாளி

சுவரில் மாட்டிய ஆர்.ஓ. பெட்டிக்கு
இரண்டு குழாய்கள்.
ஒன்று நாங்கள் குடிக்க.
இன்னொன்று, பென்சில் கனம், வெள்ளை நிறம்,
பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்
தலையைத் தொங்கப்போட்டிருக்கும்.
மாட்டிவிட்டுப் போன பையன்
"அது வேஸ்ட்டுக்கா, கண்டுக்காதீங்க" என்றான்.

நான் கண்டுகொண்டேன்.
ஒரு சொம்பு இந்தப் பக்கம் நிறைவதற்குள்
மூன்று சொம்பு அந்தப் பக்கம் போகிறது.
குமாரசாமிப்பேட்டையில் எங்கள் சந்துக்கு
ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில்
நாலரை மணிக்கே குடம் உருளும்.
வராத நாளெல்லாம் போர் தண்ணீர்.
வரிசையில் நின்று பழகிய காதுக்கு
சும்மா ஓடும் தண்ணீர்
தூங்க விடாத சத்தம்.
ராத்திரி எழுந்துபோய்
வாளியை வைத்தேன்.

காலையில் நிறைந்திருந்தது.
அடியில் கிடந்த ஊக்குகூடத் தெரிந்தது, அவ்வளவு தெளிவு.
இதையா வேஸ்ட் என்றான் என்று
கறிவேப்பிலைக்கு ஊற்றினேன், தினமும்.
இரண்டு மாதத்தில்
தொட்டி விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்தது உப்பு.
கொழுந்து ஓரம் கருகிச் சுருண்டது.
மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று
ஒரு செடியைக் கொன்றேன்.
இதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம்தான் வாளிக்கு வேலை பிரித்தேன்.
தரை துடைக்க. கக்கூஸுக்கு.
லேத்துப் பட்டறையிலிருந்து வரும்
முனிராஜின் கிரீஸ் பேண்ட் ஊற.
புதுக் கறிவேப்பிலைக்கு
அரிசி களைந்த தண்ணீர் மட்டும்.
அது என் மாமனார் மாதிரி,
உப்பு ஆகாது.

வாளி ஒன்று வந்தால்
கண் வேறெங்கும் போகிறது.
பால் கவரைக் கழுவிக்
கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கிறேன்.
"கவருக்கெல்லாம் குளிப்பாட்டா?" என்கிறாள்
எதிர்வீட்டு லட்சுமம்மா.
குப்பை வண்டி மாதம்மாள் மட்டும்
ஒருநாள் பையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னாள்:
"உங்க வீட்டுப் பைக்குள்ள
கையை விட்டா கை கூசல."
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த வீட்டு விசிலை ஊதிக்கொண்டு போனாள்.

முனிராஜுக்குச் சிரிப்பு.
"விலை இல்லேன்னு பாலக்கோட்டுல
வண்டி வண்டியா தக்காளியைக் கொட்டுறான்.
நீ ஒரு வாளியை வெச்சு
எதை நிமுத்தப்போற?"
பதில் இருந்தால் சொல்லியிருப்பேன்.
பன்னிரண்டு லிட்டர்,
கைப்பிடி விரலை அறுக்கிறது,
தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பெட்டி வாங்கிய காரணம் என் வாய்க்குள் இருக்கிறது.
இண்டூர்ப் பக்கத்துப் போர் தண்ணீர்
குடித்து வளர்ந்த பல்.
குறுக்கே காவிக் கோடுகள்,
எந்தப் பொடிக்கும் அசையாதவை.
கல்யாண ஆல்பத்தில் நூற்றுநாற்பது படம்.
ஒன்றிலும் நான் உதடு பிரிக்கவில்லை.
"பொண்ணு ரொம்ப அமைதி" என்றார்கள்.

கனிஷ்காவுக்கு முன்பல் இரண்டு விழுந்து
புதுசு முளைக்கிறது.
செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறேன்,
வாரத்துக்கு நாலு தடவை.
"போதும்மா" என்கிறாள் வாயைத் திறந்தபடியே.
ரம்ப ஓரம் போட்ட சின்னப் பல்.
வெள்ளை.
இன்னொரு முறை பார்க்கிறேன்.
வெள்ளை.

அவள் பல்லில் ஏறியிருக்க வேண்டியது
வாளிக்குள் நிற்கிறது,
ஒரு நிறமும் இல்லாமல்.
அதைத் தொட்டுத்தான்
இந்த வீட்டைத் துடைக்கிறேன்.
அதனால்தானோ என்னவோ
கீழே ஊற்றிவிட மனசு வரவில்லை,
வைத்துக் கும்பிடவும் வரவில்லை.

கக்கூஸில் ஊற்றியது எங்கே போகும்?
சாக்கடைக்கு. ஏதோ ஒரு ஏரிக்கு.
பிறகு மண்ணுக்குள் இறங்கி
யார் வீட்டுப் போருக்கோ,
யார் வீட்டுப் பிள்ளையின்
முளைக்காத பல்லுக்கோ.
இந்தக் கணக்கை முனிராஜிடம் கேட்கவில்லை.
மாதம்மாளிடமும் கேட்கவில்லை.

சமையல்கட்டில் சத்தம் மாறுகிறது.
விளிம்பு தட்டிவிட்டது போல.
இருங்கள், வாளியை எடுத்துவிட்டு வருகிறேன்.