விடுபட்ட சொல்

இந்த ஊரில் தெருவுக்கெல்லாம் இரண்டு பெயர்,
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
ஆயிரம் பெயர்க்காரனைக் கும்பிடுகிறவளுக்கு
அது பெரிய புதினமில்லை.
பீல் நகர முதியோர் இல்லத்தில்
பதினொரு வருசம் நிலம் துடைத்தேன்.

பன்னிரண்டாவது வருசம்
மூன்றாம் மாடி வூத்ரிக் அம்மாவின்
மோதிரம் காணாமற்போனது.
அன்று அந்த அறை துடைத்தவள் நான்.
அவ்வளவுதான் சாட்சி.

செவ்வாய் காலை ஒன்பதரை. நீதிமன்றம்.
படிவத்தின் கட்டத்துக்குள் என் பெயர் அடங்கவில்லை.
'கேதார' வரை எழுதிவிட்டு
கௌரியை வெளியே விட்டிருந்தார்கள்.
இருபத்தொரு நாள் நோன்பிருந்து
பாதி உடம்பு வாங்கியவள்,
தன் பாட்டைத் தான் பார்த்துக்கொள்வாள் என்று
பேசாமல் இருந்தேன்.

"எடுத்தீர்களா?"
"கடவுளறிய நான் எடுக்கேல்லை" என்றேன்.

மொழிபெயர்க்க வந்த பிள்ளை மதுஷினி,
இங்கே பிறந்தவள், நகத்தில் நீலம்,
வாய் திறந்து, நிறுத்தி,
பிறகு ஜெர்மனில் சொன்னாள்:
நான் எடுக்கவில்லை.
எனக்கும் அந்தளவு ஜெர்மன் விளங்கும்.
உன்னை விட்டுவிட்டாள்.

தட்டச்சில் நீ ஏறவில்லை.
எனக்கிருந்தது ஒரேயொரு சாட்சி,
அவனுக்கும் கதிரை போடவில்லை.

கோபம் அவளிலில்லை, உன்னில்.
மோதிரம் எங்கே என்று உனக்குத் தெரியும்.
கட்டில் காலுக்குக் கீழோ,
கைதுடைத்த கடதாசியோடு குப்பையிலோ,
ஞாயிறு மட்டும் வருகிற மகனின் சட்டைப்பையிலோ.
எழும்பிச் சொன்னால் என்ன?
கல்லாயிருந்து பழகிவிட்டாய்
நான் ஊற்றிய பாலில் குளித்துக்கொண்டு.

வெளியே நடைவழியில் கோப்பி மெஷின்.
இரண்டு பிராங் போட்டேன்.
கோப்பை விழவில்லை, கோப்பி மட்டும்
ஊற்றுண்டு ஓடியது.
சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும்.
மதுஷினி கடதாசியோடு ஓடிவந்தாள்.
இருவரும் குந்தியிருந்து துடைத்தோம்.
"அன்ரி, அதைச் சொன்னா
பயத்தில சத்தியம் பண்ணுறீங்கள் எண்டு நினைப்பினம்.
அதுதான் விட்டனான்."

துடைக்கும்போது ஞாபகம் வந்தது:
அவள் வாய் திறந்து நிறுத்திய அந்தக் கணம்
நீதிபதி பேனாவை வைத்துவிட்டு
முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.
சொல் விழுந்துபோன அந்த இடைவெளியில்
நீயா இருந்தாய்?
இருந்தாய் என்று சொல்ல ஆசைதான்.
சத்தியம் பண்ண மாட்டேன்.

தீர்ப்பு கடிதத்தில் வருமாம். முப்பது நாளாகும்.
சாம்பிராணி போட்டால் புகைமணி கத்தும்;
யன்னலை அகலத் திறந்து
குளிருக்குள் நின்று காட்டினேன்.
பாலும் வைத்தேன்.
கோபம் ஆறவில்லை. பால் வேறு கணக்கு.

தபாற்பெட்டியில் என் பெயரை
நானே எழுதி ஒட்டியிருக்கிறேன், முழுதாக.
விளிம்போரம் நெருங்கி நெருங்கி
கௌரியும் இடம்பிடித்துவிட்டாள்.
பதினொரு மணிக்கு
மஞ்சள் ஸ்கூட்டரில் தபால்காரி வருவாள்.
நான்கு மாடியும் இறங்கிப் போகிறேன்
ஒவ்வொரு நாளும்,
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு.